நான்காவது மூடி

பல் செட்டு செய்கிறவனுக்கு உலகம் ரொம்பச் சின்னது. காலை ஒன்பது மணிக்கு மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தால், மாலை ஆறு வரைக்கும் அவன் பார்ப்பதெல்லாம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சமாசாரங்கள். ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டை இழையளவு கூடத் தேய்த்துவிட்டால், முகமே தெரியாத யாரோ ஒருவர் ஒவ்வொரு வாய்க்கும் அவனைத் திட்டுவார். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத அறை. மூக்கில் முகமூடி, தலைமயிரெல்லாம் வெள்ளை மாவு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு.

அதனால்தான் ஏழாவது நாள் அவனுக்குக் காடும் மலையும் தேவைப்பட்டது. சின்னதையே பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்ணை எங்காவது கொண்டுபோய் விரித்துப் போட வேண்டும் என்று சொல்வான். ஞாயிறுதோறும் ரோடே இல்லாத இடமாகப் பார்த்து வண்டி ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவனுக்குப் ‘பல்லு’ என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்தின் தலைவி ஒரு கால்நடை மருத்துவர், அவரை ‘மாட்டு டாக்டர்’ என்பார்கள். மற்ற நான்கு பேரிடமும் இருந்தவை யானை யானையான வண்டிகள். பல்லுவிடம் இருந்தது ஏழு வருஷப் பழசான, பச்சை நிறக் குட்டி எஸ்.யூ.வி. மேட்டில் எம்பி எம்பி ஏறுகிறது என்று அதற்குத் ‘தவளை’ என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் பெரிய வண்டிகள் சகதியில் உட்கார்ந்துவிட்ட இடத்தில் தவளை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறது. அந்தக் கதையைப் பல்லு கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

ஓட்டுவதைவிட அதைப் பார்த்துக்கொள்வதில்தான் அவனுக்கு மோகம் அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தானென்றால் வெளியே இரண்டு கால் மட்டும்தான் தெரியும். ஆறு குளம் இறங்கிவிட்டு வந்தால், மறுநாளே பின் அச்சின் ஆயில் திருகைத் தளர்த்தி ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பார்ப்பான். பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். முழுவதையும் மாற்ற வேண்டும். பிரேக்கைக் காய வைப்பான். காற்று வடிகட்டியைத் தரையில் தட்டித் தட்டி மண் உதிர்ப்பான். கீழ்த்தகட்டில் புதுசாக ஒரு கீறல் விழுந்திருந்தால் விரலால் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். "அதுக்குப் பல்லு மட்டும்தான் விளக்கிவிடல" என்பாள் அவன் மனைவி.

மனைவி கணக்கு டீச்சர். ஊருக்கு அந்தக் கோடியில் பள்ளிக்கூடம். இரண்டு பஸ், இடையில் ஒரு ஓட்டம், ஒன்றரை மணி நேரம். நாற்பத்தொரு வயது வரைக்கும் அப்படித்தான் போய் வந்தாள். ஒரு மழை நாளில் பஸ்ஸின் படியிலிருந்து வழுக்கி, விடைத்தாள் கட்டோடு சகதியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள். பல்லு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஐந்து மாசம் பாடாய்ப் பட்டாள். வாசல் தூணில் ஒரு முறை உரசினாள். கிளட்சை விடத் தெரியாமல் நடுச் சந்தியில் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் கற்றுக்கொண்ட பிறகு அவள் ஆளே வேறு. ஏழு மணிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் முதுகு நிமிர்ந்திருக்கும். பஸ்ஸுக்கு ஓட வேண்டாம் என்பதால் பத்தாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளுக்கென்று சாயங்கால வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். பதினெட்டுப் பிள்ளைகள். அதைப் பற்றிப் பேசும்போது, பல்லு தவளையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவாள்.

அப்படியாக, வாரத்தில் ஆறு நாள் அவள் வண்டி, ஞாயிறு ஒரு நாள் அவன் வண்டி.

இங்கே அந்தச் சிவப்புத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணலிலும் உருளும் கல்லிலும் ஓட்டுவதற்கு முன்னால் டயரில் காற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். முப்பத்திரண்டு இருப்பதைப் பதினாறுக்கு இறக்கினால் டயர் தட்டையாகப் பரவித் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் அது சூடேறிக் கிழியும், இல்லை வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஆகவே ரோடு ஏறுமுன் நான்கு டயருக்கும் மறுபடி காற்றடிக்க வேண்டும். "காத்தக் குறைக்கறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். திருப்பி அடிக்கறதுதான் மறந்துபோகும்" என்று சொல்லி மாட்டு டாக்டர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். காற்றை இறக்கியதும் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கழற்றிய நான்கு வால்வு மூடிகளும் கட்டியவரின் இடது பாக்கெட்டில் இருக்க வேண்டும். நான்காவது மூடியைத் திருகிய பிறகுதான் துணியை அவிழ்க்கலாம், அதுவும் கட்டியவர் கையால்.

ஒரு நாள் மனைவி அந்தத் துணியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். பல்லு பெருமையாக விளக்கினான். "இந்தத் துணி இருந்தா நீ சாவியத் தொடாத. இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ" என்றான். அவள் தலையாட்டினாள். கணக்கு டீச்சருக்கு ஒரு விதியைச் சொன்னால் போதும், விடவே மாட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கதவைத் திறந்ததும் முதலில் ஸ்டியரிங்கைப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வற்றிய ஆற்றுப்படுகையில் சுற்றிவிட்டு மாலை நான்கு மணிக்குத் தார் ரோட்டின் ஓரம் வந்து நின்றார்கள். பல்லுவிடம் பாட்டரியில் ஓடுகிற சின்னக் கம்ப்ரசர் ஒன்று இருந்தது. ஒரு டயருக்கு ஆறு நிமிஷம். மூன்றாவது டயருக்கு வரும்போது அது சூடாகிக் கொதிக்கத் தொடங்கியது. குழாயின் பித்தளை முனையைத் தொட்டவன் "அம்மா!" என்று கையை உதறினான். கையுறையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கைக்கு எட்டின இடத்தில் ஒரு துணி இருந்தது, ஸ்டியரிங்கில். அதை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு மூன்றாவது டயரை முடித்து மூடியையும் திருகினான். கம்ப்ரசர் பத்து நிமிஷம் ஆறட்டும் என்று துணியைக் கால்சட்டைப் பாக்கெட்டில் திணித்தான்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பின்னால் ஒரு வண்டி மணலில் புதைந்தது. எல்லாரும் ஓடினார்கள். கயிறு கட்டி, கல் அடுக்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி இழுத்து வெளியே கொண்டுவர முக்கால் மணி நேரம். கடைசியில் தவளைதான் முன்னால் நின்று இழுத்தது. பல்லுவைத் தோளில் தட்டித் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறை. அந்தக் குஷியில் வந்து கம்ப்ரசரைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். ஸ்டியரிங்கைப் பார்த்தான். துணி இல்லை. சரி, எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிட்டான். இன்னொருவனாக இருந்தால் டயரைப் பார்த்திருப்பானோ என்னவோ. பல்லு துணியைத்தான் பார்த்தான், ஏனென்றால் அப்படித்தான் பழகியிருந்தான்.

வரும் வழியில் வண்டி பின்னால் லேசாக ஆடியது. அது அவனுக்குத் தெரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சக்கரத்தின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்தால் அப்படி ஆடும், பலமுறை பார்த்திருக்கிறான். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஐந்து வண்டியும் வரிசையாக மெதுவாகத்தான் வந்தன. வீட்டில் எப்போதும்போல இடப்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினான். காற்றில்லாத டயர் இடப்பக்கப் பின் டயர். முரட்டு டயர் வேறு; பாதிக் காற்றிலும் விறைப்பாகத்தான் நிற்கும்.

காலையில் அவன் எழுந்திருக்கும்போது வண்டி இல்லை. மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, இரண்டு நாள் வந்து தங்கியிருந்தாள். அவளை ரயிலேற்றிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவதாக மனைவி சீட்டு எழுதி வைத்திருந்தாள். பல்லு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

புறவழிச் சாலையில், பாலத்துக்கு முந்தின வளைவில் வண்டியின் பின்பக்கம் திடீரென்று வெட்டி இழுத்திருக்கிறது. மனைவி பிரேக்கை அழுத்தியிருக்கிறாள். வண்டி அரைவட்டம் சுற்றி ஓரத்துக் கல்லில் போய் மோதி நின்றது. அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மச்சினி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து பையில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தவள், முன்னால் போய் இடித்துக்கொண்டாள். தோள்பட்டை எலும்பில் விரிசல். மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பல்லு பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "துணி இருக்கான்னு பாத்துட்டுத்தாங்க எடுத்தேன். துணி இல்ல."

அந்த வார்த்தை ஏன் உறுத்துகிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நேற்றுப் போட்டிருந்த கால்சட்டையைத் துவைக்கப் போடுவதற்காகப் பாக்கெட்டை வெளியே இழுத்தான். சுருட்டின சிவப்புத் துணி வந்தது. கூடவே மொட்டு மாதிரி ஒரு கறுப்பு மூடி உருண்டு தரையில் விழுந்தது. ஒரே ஒரு மூடி. சின்னச் சாமான்களை எண்ணியே காலம் தள்ளுகிறவன், அதைக் குனிந்து எடுக்கக்கூட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தான். ஆனால் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கூடவே சகலையும் வந்தான். மச்சினியின் புருஷன். வாயைத் திறந்தால் கேலிதான். பெண்டாட்டி அடிபட்டுக் கிடக்கும்போதும் அவனுக்கு வாய் அடங்கவில்லை. "அண்ணி, பிரேக்க அழுத்தச் சொன்னா அது மேல ஏறி நின்னுட்டீங்க போலிருக்கே" என்றான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் பல்லு என்ன சொன்னான் தெரியுமா? "விடுங்க சகலை, பாவம். எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றான். எவ்வளவு பெருந்தன்மை! சொல்லி முடித்ததும் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் உண்மையைச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் கிழிந்த டயரை எடுத்துக்கொண்டு டயர்க்காரரிடம் போனான். வயசானவர், அதிகம் பேசமாட்டார். டயரை உள்பக்கம் விரித்து விளக்குக்கு நேரே பிடித்தார். விரலை விட்டு வழித்துக் காட்டினார். விரல் முழுக்கக் கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி.

"இது கல்லுல மோதிக் கிழிஞ்சதில்ல தம்பி. காத்தில்லாம ஓடி உள்ளயே அரைஞ்சிருக்கு. இந்தா, சுத்தி வளையம் தெரியுது பாரு" என்றார்.

பல்லு மென்று முழுங்கினான். "இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க கல்லுல அடிச்சதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க வெளியில பாத்துட்டு எழுதுவாங்க. ஓட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரி."

அவர் டயரைக் கீழே வைத்தார். "அந்தம்மாகிட்ட சொல்லிடு. தன்னால ஆச்சுன்னு நெனச்சுட்டு இருக்கப்போகுது." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பல்லு டயரைக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் தகரத்துக்குப் பின்னால் செருகிவைத்தான்.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சாயங்காலம், சாப்பிட்ட தட்டை எடுப்பதற்கு முன்னால், மனைவி அதே கேள்வியைக் கேட்பாள். "நான் பிரேக்க மெதுவா மெதுவா விட்டு அழுத்தியிருக்கணுமோ?" இன்னொரு நாள், "வளைவுக்கு முன்னாடியே கியரக் குறைச்சிருக்கணும், இல்ல?" சோற்றுப் பருக்கைகளை வைத்து ரோடு போட்டு, உப்பு டப்பியை வண்டியாக நகர்த்தி, எந்த இடத்தில் தப்பு வந்தது என்று தேடுவாள். கணக்கு எங்கே பிசகியது என்று விடைத்தாளில் தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகத் தேடினாள். தப்பு அவள் தாளிலேயே இல்லை என்பது எதிரில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். அவன் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் ஒண்ணும் நெனைக்கல."

மூன்று வாரத்தில் தவளை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துப் புதுசாக வந்து நின்றது. மனைவி அதைத் தொடவில்லை. மறுபடி இரண்டு பஸ், இடையில் ஓட்டம். சாயங்கால வகுப்பை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்தாள், பிறகு நிறுத்தியே விட்டாள். பல்லு ஒரு நாள் சாவியை நீட்டிப் பார்த்தான். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என் கூடப்பொறந்தவள நானே கொன்னிருப்பேங்க" என்றாள். பல்லு சாவியை ஆணியில் மாட்டினான். அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பல்லை இரண்டு முறை தேய்த்துக் கெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுவிட்டான். மாட்டு டாக்டர் போன் செய்து, "என்ன பல்லு, வீட்ல திட்டா?" என்றார். வேலை அதிகம் என்று பூசி மெழுகினான்.

வேலை உண்மையிலேயே இருந்தது. மச்சினிக்குப் பல். மருத்துவமனையில் அவளுடைய வாயின் அச்செடுத்து அவன் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். இரண்டே இரண்டு பல். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறான். ஆனால் இந்த இரண்டும் அவனைப் படுத்தி எடுத்தன. முதலில் நிறம் சேரவில்லை. பிறகு நுனி தடித்துவிட்டது. மச்சினிக்கு இடப்பக்கப் பல் இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அவள் கல்யாணப் படத்தை வைத்துப் பார்த்து அந்தச் சாய்வையும் கொண்டுவந்தான். நான்கு முறை செய்து, அவளையே வரவழைத்து வாயில் வைத்துப் பார்த்து, நான்கு முறையும் உடைத்தான். தன் தப்பைப் பல்லாகச் செய்து அடைத்துவிடலாம் என்று நினைத்தான் போல. ஐந்தாவது முறை செய்தது அசலேதான் என்று டாக்டரே சொன்னார்.

பல் கட்டிய மறு ஞாயிற்றுக்கிழமை மச்சினியும் சகலையும் வீட்டுக்கு வந்தார்கள். இடித்த அன்றிலிருந்து அறுபத்திரண்டாவது நாள். மச்சினி கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டாள். "எது புதுப் பல்லுன்னே தெரியல மாமா. கடவுள் குடுத்தத விட நல்லா இருக்கு" என்றாள்.

சகலை தொடையில் தட்டிக்கொண்டான். "பாத்தீங்களா! பொண்டாட்டி ஒடச்சுக் குடுப்பாங்க, புருஷன் ஒட்டிக் குடுப்பாரு. குடும்பத்துக்குள்ளயே தொழில்!"

மச்சினி முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். மனைவி சிரிக்க முயன்றாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீங்களும் இருக்கும்போதே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். "பக்கத்துல இருக்கற ஆரம்பப் பள்ளிக்கு மாத்தல் கேட்டு எழுதியிருக்கேன். நாளைக்குக் குடுத்துடுவேன். நடந்தே போயிடலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லித் தர்றதுக்கு நான் போதும். வண்டியை இவர் வச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். பல்லு அந்தத் தாளைப் பார்த்தான். முத்து முத்தான கையெழுத்து. ‘வாகனம் ஓட்ட இயலாத காரணத்தால்’ என்று ஒரு வரி. பதினெட்டுப் பிள்ளைகள் அவன் கண்முன் வந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை. நாளைக்கு அந்தத் தாள் கைமாறிவிட்டால் அப்புறம் எதைச் சொன்னாலும் எதுவும் திரும்பாது. எழுந்து அடுக்களைக்குப் போனான்.

மனைவி தம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்பு மூடியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். அறுபத்திரண்டு நாளாக அது அவனோடுதான் சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றாள்.

"நாலாவது மூடி." "பின் டயருக்கு நான் காத்தடிக்கல. குழாய் சுட்டுதுன்னு துணிய அவுத்துக் கையில சுத்திக்கிட்டேன். அப்புறம் மறந்துட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. உன் கால் தப்பாப் போகல. யாரு ஓட்டியிருந்தாலும் அந்த வளைவுல அதுதான் ஆகியிருக்கும்."

அவள் மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டுவாள், தம்ளரைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தான். அவள் டீயை வடிகட்டி நான்கு தம்ளரில் ஊற்றினாள். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "இவர் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்றாள்.

பல்லு கதவோரம் நின்றபடியே சொன்னான். இந்த முறை இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மச்சினி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி, சுட்ட குழாய், புதைந்த வண்டி, ஆடின சக்கரம், கொல்லையில் ஒளித்துவைத்த டயர், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் சகலைதான் முதலில் வாயைத் திறந்தான். "அட, விடுங்க சகலை. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றான்.

"இதையேதான் இவர் என்கிட்ட தினமும் சொன்னாரு" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "அறுபத்திரண்டு நாள். நான் தப்பு எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன். இவர் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே, விடு, நான் ஒண்ணும் நெனைக்கலன்னாரு. இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு துன்பத்தக் குடுத்துட்டோமேன்னு நான் அதுக்கும் சேத்து அழுதேன்." அவனைப் பார்த்தாள். "தப்பு பண்ணதும் நீங்க. என்னை மன்னிச்சதும் நீங்க."

பல்லுவுக்குத் தலை நிமிரவில்லை. மறந்ததைச் சொல்வதுதான் கஷ்டம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவள் காட்டியது அதைவிடப் பெரிசு.

மச்சினி டீயைத் தொடவில்லை. நாக்கு நுனி புதுப் பல்லைத் துழாவுவது உதட்டுக்கு வெளியே தெரிந்தது. "வாயத் திறந்து வச்சுக்கிட்டு நாலு தடவ உங்க முன்னாடி உக்காந்தேனே மாமா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "நானும்தான் உன்கூட வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னேன்க்கா" என்றாள். அப்போதுதான் மனைவி அழுதாள். பல்லு பக்கத்தில் வரவேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அன்று அவள் அவனோடு பேசவில்லை. பெட்டியின் அடியில் ஒளித்துவைத்திருந்த அந்தச் சிவப்புத் துணியை அவன் எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, கொல்லையில் காயப்போட்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. பல்லு எழுந்து வாசலுக்கு வந்தான். மனைவி பள்ளிக்கூடம் போகிற புடவையில், தோளில் பையோடு தவளையின் பக்கத்தில் நின்றிருந்தாள். மாற்றல் கடிதத்தை அவனிடம் நீட்டி, "கிழிச்சுடுங்க" என்றாள். அவன் வாங்கிக்கொண்டான். அவனுடைய மற்றொரு கையில் துவைத்து மடித்த சிவப்புத் துணி இருந்தது. அதை நீட்டினான்.

"நாலு டயரையும் நான் நேத்தே பாத்துட்டேன். முப்பத்திரண்டு இருக்கு. இனிமே இந்தத் துணிய நான் ஒரு நாளும்…" என்று தொடங்கினான்.

அவள் துணியை வாங்கவில்லை. வண்டியின் டிக்கியைத் திறந்து காற்று அளவு பார்க்கிற கருவியை எடுத்தாள். முதலில் சற்றுத் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன் வலது டயரின் முன்னால் குந்தினாள். மூடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கருவியை அழுத்தி, முள்ளைப் பார்த்தாள். திரும்ப மூடினாள். பின் வலது. பிறகு சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து முன் இடது. கடைசியில் பின் இடது. சுவரின் சுண்ணாம்பு அவள் தோளில் ஒட்டியது. அதில் மட்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் அவன் சொன்னதை இப்படிச் சரிபார்த்ததில்லை.

"சரியாத்தான் இருக்கு இல்ல?" என்றான் பல்லு.

"இருக்கு" என்றாள்.

கருவியைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கிளட்சை விடும்போது வண்டி ஒரு முறை உதறி நின்றது. மறுபடி கிளப்பினாள். பல்லு கதவோரம் வந்து, "அத டிக்கியில வச்சிடட்டுமா?" என்று கருவியைக் காட்டிக் கேட்டான்.

"வேணாம்" என்று சொல்லி, அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.